கார் ஷெட்டில் ஒரு கம்ப்யூட்டர் லேத்

எங்கள் பழைய ஒர்க்‌ஷாப் ஆட்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. காலையில் ரோஜாப்பூ படம் வரும். யாராவது இறந்துபோனால் கைகூப்பும் படம் வரும். இரண்டுக்கும் நடுவில் பெரிதாக ஒன்றும் நடக்காது. சில மாதங்களுக்கு முன்னால் அதில் நான் ஒரு வீடியோ போட்டேன். எங்கள் வீட்டுக் கார் ஷெட்டில் இரும்பு கடைகிற ஒரு லேத் ஓடுகிறது. லேத்துக்கு முன்னால் ஆள் கிடையாது. நான் தள்ளி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பால் விடாத கட்டன்சாயா குடித்துக்கொண்டிருக்கிறேன். அவ்வளவுதான் வீடியோ.

அன்றைக்கு ரோஜாப்பூவை யாரும் கண்டுகொள்ளவில்லை. எந்தக் கம்பெனி மெஷின் என்று கேட்டார்கள். நானே செய்தது என்று எழுதினேன். "சும்மா அவுத்து விடாதடே நேசையா" என்று என்னோடு வேலை பார்த்த ஒருவர் பதில் போட்டார். இப்போது வேலையில் இருக்கும் பிள்ளைகள் மட்டும், "அண்ணாச்சி, எப்படிச் செய்தீங்கன்னு விவரமா எழுதுங்க" என்று விடாமல் கேட்டார்கள். எழுதுகிறேன். ஆனால் லேத்தைப் பற்றி எழுத வேண்டுமென்றால் தவமணி சாரைப் பற்றி எழுதாமல் முடியாது. ஸ்டெல்லாவின் இடியாப்பத்தைப் பற்றியும் எழுத வேண்டும். பொறுமை இருந்தால் வாசியுங்கள்.

என் படிப்புக் கதை சின்னது. ஐ.டி.ஐ.யில் டர்னர் படித்தேன். முதல் வருடம் அரத்தால் இரும்பை ராவியே போனது. இரண்டாம் வருடம் லேத்தைத் துடைத்தே போனது. மூன்றாவதாக ஒரு வருடம் இருந்திருந்தால் ஒருவேளை லேத்தை ஓட்டியிருப்பேன். அதற்குள் நாகர்கோவிலில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலை கிடைத்துவிட்டது. ரப்பர் ஷீட் அடிக்கிற ரோலர் மெஷின் செய்யும் இடம். குலசேகரம், அருமனைப் பக்கம் ரப்பர் மரம் உள்ளவர்கள் வீட்டுப் பின்புறத்தில், உறைந்த ரப்பர்ப் பாலைக் கொடுத்துக் கைப்பிடியைச் சுற்றுவார்களே, அந்த மெஷின். அதன் உருளைகளைக் கடைவதுதான் என் வேலை. ஓய்வு பெறும்வரைக்கும் அதுதான்.

அங்கே ஃபோர்மேன் தவமணி சார். ஒல்லியான ஆள். நெற்றியில் அய்யாவழி நாமம், சட்டைப் பையில் மைக்ரோமீட்டர். அவர் யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நமக்குப் பின்னால் வந்து நிற்பார். ஒரு வார்த்தை பேசமாட்டார். நமக்கு முதுகு அரிக்க ஆரம்பிக்கும். வேலை முடிந்து ஜாப்பை, அதாவது கடைந்த இரும்பை, கழற்றியதும் அளக்க எடுத்தால், "சூடு ஆறட்டு" என்பார். இரும்பு சூட்டில் கொஞ்சம் பெருத்திருக்கும், அப்போது எடுக்கிற அளவு பொய் என்பது அவர் கட்சி. ஆறுகிறவரை அவரும் நிற்பார், நாமும் நிற்க வேண்டும். பிறகு கட்டைவிரல் நகத்தை மெதுவாக ஜாப்பின்மேல் ஓட்டிப் பார்த்துவிட்டு, "கொள்ளாம்" என்பார். நன்றாயிருக்கிறது என்று அர்த்தம்; ஆனால் எல்லாவற்றுக்கும் "கொள்ளாம்"தான். வெடுக்கென்று சொன்னால் அதைக் கழிவு இரும்பில் போட்டுவிட்டு மறுபடியும் ஆரம்பிக்க வேண்டும். கொஞ்சம் இழுத்துச் சொன்னால் பாஸ். சொல்லிவிட்டு டீக்கடைப் பக்கம் நடந்தாரென்றால் அன்றைக்கு நாம் பெரிய ஆள். என் வேலைக் காலம் முழுக்க அவர் என் ஜாப்பைப் பார்த்துவிட்டு டீக்கடைப் பக்கம் நடந்த நாட்கள் கொஞ்சம்தான். அந்த ஜாப்புகள் ஒவ்வொன்றும் எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது.

தவமணி சார் ஓய்வுபெற்ற பிறகு ஒர்க்‌ஷாப்புக்கு முதல் கம்ப்யூட்டர் லேத் வந்தது. சி.என்.சி. என்பார்கள். அதற்கென்று ஒரு கண்ணாடி அறை கட்டி, ஏ.சி. வைத்து, வாசலில் "செருப்பைக் கழற்றவும்" என்று எழுதிப் போட்டார்கள். எங்களுக்குக் காற்றாடி கிடையாது, அதற்கு ஏ.சி. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நாங்கள் கண்ணாடிக்கு வெளியே நின்று டிவி பார்க்கிற மாதிரி அதைப் பார்ப்போம். டூல் தானாக வரும், தானாக வெட்டும், தானாகத் திரும்பிப் போகும். எனக்கு அதை எப்படியாவது ஓட்ட வேண்டும் என்று ஆசை. என்னைவிட வயது குறைந்தவர்களுக்குத்தான் பயிற்சி என்று சொல்லிவிட்டார்கள். அதில் எனக்குக் கோபமில்லை. கண்ணாடிக்கு வெளியே நிற்பதுதான் பிடிக்கவில்லை.

ஓய்வு பெற்று வந்தபோது தக்கலைக்கு மேற்கே எங்கள் வீட்டில் கார் ஷெட் ஒன்று புதிதாகக் கட்டியிருந்தோம். என் மனைவி ரெத்தினபாய் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்றவள். இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு சின்னக் கார் வாங்குவது, ஞாயிற்றுக்கிழமை சபைக் கோவிலுக்கு அதில் போவது என்று முடிவு. ஒரு நாள் காலையில் வீட்டுக்கு முன்னால் லாரி வந்து நின்றது. அதிலிருந்து சங்கிலி போட்டு இறக்கியது ஒரு பழைய லேத்தின் இரும்பு உடம்பு. பழைய இரும்பு வாங்கும் ஆக்கர் கடையில் மூலையில் கிடந்தது. மோட்டார் இல்லை, பல்சக்கரப் பெட்டி இல்லை. முதுகெலும்பு மட்டும் உண்டு.

"இதுவா காரு?" என்றாள் ரெத்தினபாய்.

"இது லேத்து பிள்ளே."

"நாலு சக்கரம் எங்க?"

"சக்கரம் எல்லாம் இதுல கடைஞ்சு எடுத்துக்கிடலாம்."

உள்ளே போய் மீன் வெட்ட ஆரம்பித்தாள். வெட்டுகிற சத்தம் வழக்கத்தைவிடப் பலமாகக் கேட்டது.

சி.என்.சி. என்றால் மந்திரம் ஒன்றுமில்லை. சாதாரண லேத்தில் டர்னர் இரண்டு கைப்பிடிகளைச் சுற்றி டூலை நகர்த்துவார். ஒன்று ஜாப்பின் நீளவாக்கில், மற்றது குறுக்குவாக்கில். அந்தக் கைப்பிடிகளுக்குப் பதிலாக இரண்டு மோட்டார். எவ்வளவு நகர வேண்டும் என்று மோட்டாருக்குச் சொல்ல ஒரு கம்ப்யூட்டர். இவ்வளவுதான் எலும்புக்கூடு. மோட்டாரும், டூலை நகர்த்துகிற பால் ஸ்க்ரூவும் பார்சலில் வந்தன. கம்ப்யூட்டர் என் மகள் கழித்துப் போட்டது. ஜாப்பைக் கவ்விப் பிடிக்கிற சக் என்ற தலையைச் சுற்றுவதற்குத்தான் நல்ல மோட்டார் கிடைக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் துபாயிலிருந்து வரும்போது ஓடுகிற மெஷின் ஒன்று கொண்டுவந்திருந்தார். நின்ற இடத்திலேயே ஓடி உடம்பு குறைப்பதற்கு. அதில் அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை; கைலி காயப்போடுவதைத்தான் பார்த்திருக்கிறோம். மோட்டாரைக் கேட்டேன். "எடுத்துக்கோங்க. கைலி காய மோட்டார் வேண்டாமே" என்று கழற்றித் தந்துவிட்டார்.

இந்த விஷயம் எப்படியோ தவமணி சாரின் காதுக்குப் போயிருக்கிறது. ஒரு நாள் கையில் குடையோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். எழுபதைத் தாண்டிவிட்டார். நாமம் அப்படியே, சட்டைப் பையில் மைக்ரோமீட்டரும் அப்படியே இருந்தது. ஓய்வு பெற்றவர் அதை எதற்கு வைத்திருக்கிறார் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"ஏலே நேசையா, கம்ப்யூட்டர் லேத்து செய்யியாமே?"

"ஆமா சார்."

"அந்தக் கண்ணாடி ரூமுக்குள்ள இருந்துதே, அது மாதிரியா?"

"அது மாதிரிதான் சார். ஏ.சி. மட்டும் கிடையாது."

கையைப் பின்னால் கட்டிக்கொண்டு லேத்தை ஒரு சுற்று சுற்றி வந்தார். குனிந்து, சக்குக்குப் பக்கத்தில், டூல் சறுக்கி ஓடுகிற பெட் என்ற தளத்தின்மேல் நகத்தை ஓட்டினார். எனக்கு முதுகு அரிக்க ஆரம்பித்தது.

"இஞ்ச குழிஞ்சு கெடக்கு. இதுமேல எந்தக் கம்ப்யூட்டரை வச்சாலும் நொண்டத்தான் செய்யும்."

வாஸ்தவம். பழைய லேத்துகளில் சக்குக்கு அருகில்தான் வேலை அதிகம் நடக்கும். அந்த இடம் தேய்ந்து லேசாகக் குழிந்திருக்கும். அதைச் சமப்படுத்த வேண்டும். நான் அதை மெஷினில் கொடுத்து உரசி வாங்கலாம் என்றிருந்தேன். சார் குடையைச் சுவரில் மாட்டினார். "ஸ்க்ரேப்பர் உண்டுமா?" என்றார். அன்றிலிருந்து எனக்கு மறுபடியும் ஃபோர்மேன் வந்துவிட்டார்.

கையால் சுரண்டிச் சமப்படுத்துகிற வேலை இப்படி. சமதளமான ஒரு நீண்ட இரும்புப் பட்டையில் நீல மையை மெல்லிசாகப் பூச வேண்டும். அதைப் பெட்டின்மேல் வைத்து லேசாகத் தேய்த்து எடுத்தால் மேடான இடத்தில் மட்டும் நீலம் ஒட்டும். ஒட்டின இடத்தை உளி மாதிரியான ஸ்க்ரேப்பரால் சுரண்ட வேண்டும். சுரண்டுவது என்றால் தூள் விழுகிற அளவுக்குத்தான். துடைத்துவிட்டு மறுபடியும் மை, மறுபடியும் பட்டை, மறுபடியும் சுரண்டல். முதலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் நீலம் விழும். நாளாக ஆகப் புள்ளிகள் பெருகி, கடைசியில் பெட் முழுக்க மழைத்தூறல் விழுந்த மாதிரி சமமாகப் பரவ வேண்டும். நான் சுரண்டுவேன். சார் நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பார். எனக்குப் போதும் என்று தோன்றும்போதெல்லாம், "இன்னும் ஒரு நேரம் பாரு மக்கா" என்பார்.

அந்த நீல மைக்கு ஒரு குணம் உண்டு. வீட்டில் ஒரு பொருளில் பட்டால் எல்லாப் பொருளிலும் படும். கதவுப் பிடி, சாயா கிளாஸ், ரிமோட். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோவிலில் ரெத்தினபாயின் வெள்ளைச் சேலையில், முதுகுப் பக்கம், என் கட்டைவிரல் ரேகை தெளிவாக விழுந்திருப்பதைப் பின்வரிசைப் பெண்கள் பார்த்துவிட்டார்கள். ஆராதனை முடிகிறவரை பின்வரிசையில் ஒரே சிரிப்பு. "போலீசுக்காரன் எடுத்த மாதிரி இருக்கே அக்கா" என்று கேட்டார்களாம். சார் தன் மூக்கில் நீலத்தோடு பஸ்ஸில் வீடு போன நாட்களும் உண்டு. கண்டக்டர் ஒன்றும் கேட்கவில்லை என்றுதான் அவர் சொன்னார்.

பெட் சரியானது. ஸ்க்ரூக்களைப் பொருத்தினோம், மோட்டார்களைப் பூட்டினோம், ஒயர் இழுத்தோம். முதன்முதலாக நான் கம்ப்யூட்டரில் ஒரு வரி தட்டி, டூல் தானாக நகர்ந்து சொன்ன இடத்தில் நின்றபோது கை தட்டிவிட்டேன். சார் தட்டவில்லை. உடனே சக்கை ஓட்டச் சொன்னார். ஓட்டினேன். நான் ஒன்றும் தட்டாமலேயே டூல் தானாக ஊர்ந்து சக்கைப் பார்த்துப் போக ஆரம்பித்தது. ஓடிப்போய் மெயினை அணைத்தேன்.

"ஆளில்லாம ஓடுற மெஷினு ஆளைக் கேக்காமலும் ஓடத்தான் செய்யும்" என்றார் சார், மிகுந்த திருப்தியோடு.

காரணம் கண்டுபிடிக்க நாளாயிற்று. துபாய் மோட்டாரின் ஒயரையும், கட்டளை போகிற மெல்லிய ஒயர்களையும் நான் அழகுக்காக ஒரே கட்டாகக் கட்டியிருந்தேன். பெரிய மோட்டார் கிளம்பும்போது எழுகிற மின்சார இரைச்சலைச் சின்ன மோட்டார்கள் கட்டளை என்று நினைத்துக்கொண்டு நகர்ந்திருக்கின்றன. ஒயர்களைத் தனித்தனியாகப் பிரித்து, கட்டளை ஒயர்களுக்குக் கவசம் போட்டு எர்த் கொடுத்ததும் மெஷினுக்குப் புத்தி வந்தது. பார்க்க ஒயரெல்லாம் அவலட்சணமாகத் தொங்கியது. ஆனால் சொன்னதை மட்டும் கேட்டது.

இனிமேல்தான் ஸ்டெல்லா வருகிறாள்.

ஸ்டெல்லா எங்கள் சபையைச் சேர்ந்தவள். வீட்டில் இடியாப்பம் அவித்து டீக்கடைகளுக்கும் ஆஸ்பத்திரி கேன்டீனுக்கும் கொடுக்கிறாள். குடும்பம் அதில்தான் ஓடுகிறது. அவளிடம் ஒரு மெஷின் உண்டு. இரும்புச் சட்டத்தின் தலையில் ஒரு வெண்கல நட்டு; அதன் வழியாக ஒரு பெரிய ஸ்க்ரூ இறங்கும்; மேலே உள்ள சக்கரத்தைச் சுற்றினால் ஸ்க்ரூ இறங்கி மாவை அழுத்தும், அடியில் இடியாப்பம் விழும். ஒரு காலையில் அவள் சுற்றும்போது நட்டின் மரை மொத்தமாக வழித்துக்கொண்டு வந்துவிட்டது. மரையை எங்கள் பக்கத்தில் பிரி என்போம். நட்டில் பிரி இல்லை. ஸ்க்ரூவிலும் பாதி தேய்ந்துவிட்டது. கையில் பிடிக்கிற நாழியை வைத்துப் பிழிந்து சமாளித்திருக்கிறாள். மணிக்கட்டு வீங்கி ரெத்தினபாயிடம் காட்ட வந்தாள்.

ரெத்தினபாய் கட்டுப் போட்டுக்கொண்டே, "ஒர்க்‌ஷாப்புல குடுத்தியா?" என்று கேட்டாள்.

"மார்த்தாண்டம், நாகர்கோவிலு, எல்லா எடத்துலயும் காட்டியாச்சுக்கா. இந்தப் பிரி எங்க லேத்துல விழாதுங்காவ. புது மெஷினு வாங்கச் சொல்லுதாவ. அதுக்கு எங்க போவ? அடுத்த வாரம் நம்ம சபைக் கன்வென்ஷன் கூட்டத்துக்குக் காலைச் சாப்பாடு எனக்காக்கும் தந்திருக்காவ. அதையும் வேண்டாம்னு சொல்லிரலாமான்னு இருக்கேன்."

ரெத்தினபாய் கட்டின் முடிச்சை இறுக்கிவிட்டு கார் ஷெட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அந்தப் பார்வைக்கு நான் மறுப்புச் சொன்னதில்லை.

மறுநாள் சார் வந்தார். ஸ்டெல்லாவின் ஸ்க்ரூவை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பல் தேய்க்கிற பிரஷால் ஒவ்வொரு மரையாகக் கழுவி, நிழலில் வைத்தார். ஆறின பிறகு அதன் மேல் முனையில், நட்டுக்குள் போகாததால் தேயாமல் இருந்த பகுதியில் அளந்தார். ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரத்தை அளந்தால் பிசகும் என்று, பல மரைகளைச் சேர்த்து அளந்து வகுத்தார். வந்த கணக்கைப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். மறுபடியும் அளந்தார். மில்லிமீட்டர் கணக்கிலும் வரவில்லை, இஞ்ச் கணக்கிலும் வரவில்லை.

"இப்பிடி ஒரு பிரி ஒலகத்துல கிடையாதே" என்றார்.

சாதாரண லேத்தில் மரை வெட்ட, சக்குக்கும் டூலுக்கும் நடுவில் பல்சக்கரங்கள் மாட்ட வேண்டும். எந்த அளவுக்கு எந்தச் சக்கரம் என்று அட்டவணை உண்டு. அட்டவணையில் இல்லாத அளவை அந்த லேத்தில் வெட்ட முடியாது. ஒர்க்‌ஷாப்காரர்கள் கைவிரித்தது அதனால்தான். என் லேத்தில் பல்சக்கரமே கிடையாது. சக் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று என்கோடர் என்ற ஒரு சின்ன உறுப்பு கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். அதைப் பார்த்து டூல் நகரும். எண்ணைத் தட்டினால் போதும், ஒழுங்கான எண்ணா கிறுக்கு எண்ணா என்று அது கேட்காது.

நான் தட்டினேன். சார் திரையை எட்டிப் பார்த்தார். "இவ்வளவுதானா?" என்றார். குரலில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது.

அவர் ஏமாற்றமடைந்திருக்க வேண்டியதில்லை. மரை ஒரே தடவையில் வெட்டுவதில்லை. மெல்லிசாகப் பல தடவை அதே தடத்தில் டூல் ஓட வேண்டும். பரீட்சைக்கு ஒரு நைலான் கம்பியை மாட்டி ஓட்டினேன். முதல் ஓட்டம் அழகு. இரண்டாவது ஓட்டம் தடம் மாறி விழுந்தது. மூன்றாவது வேறெங்கோ. வெளியே வந்தது கிட்டத்தட்ட இடியாப்பம்தான். நான் என்கோடரைச் சக்கோடு இணைக்கத் தையல் மெஷின் பெல்ட்டைப் போட்டிருந்தேன். அது கண்ணுக்குத் தெரியாமல் வழுக்கி, சக் நிற்கிற இடத்தைத் தப்பாகச் சொல்லியிருக்கிறது. பல் வைத்த பெல்ட் வாங்க நாகர்கோவிலுக்கு ஓடினேன். அதை மாட்டின பிறகு எத்தனை தடவை ஓட்டினாலும் டூல் ஒரே தடத்தில் விழுந்தது.

பிறகு எவர்சில்வர் கம்பியில் நிஜ ஸ்க்ரூ. சாப்பாட்டுச் சாமான் என்பதால் மற்ற எண்ணெய் வேண்டாம், தேங்காய் எண்ணெய் விடலாம் என்றார் சார். சூடான தேங்காய் எண்ணெய் வாசனை தெருமுனை வரைக்கும் போனது. "என்னக்கா, முறுக்கா?" என்று கேட்டுக்கொண்டு இரண்டு பேர் வந்துவிட்டார்கள். ஸ்க்ரூ முடிந்து வெண்கல நட்டு வெட்டும்போது டூல் ஓட்டைக்குள்ளே வேலை செய்வதால் கண்ணால் ஒன்றும் பார்க்க முடியாது. சார் ஒரு ஸ்க்ரூ டிரைவரின் முனையை லேத்தின்மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி நின்றார். "கொஞ்சம் முனங்குது. கொறை" என்பார். நான் ஆழத்தைக் குறைப்பேன். "இப்பம் சரி" என்பார். டாக்டரும் நர்ஸும் மாதிரி இருந்ததாக ரெத்தினபாய் சொன்னாள். யார் நர்ஸ் என்று நான் கேட்கவில்லை.

ஆறவைத்து, நட்டை ஸ்க்ரூவில் மாட்டிச் சுற்றினார் சார். ஆட்டம் என்பது துளிகூட இல்லை. பட்டுப்போல இறங்கியது. நகத்தை ஓட்டினார். "கொள்ளாம்" என்று நீளமாக இழுத்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு சாயாக்கடைப் பக்கம் நடந்தார். எனக்குக் கண்ணில் கொஞ்சம் தண்ணீர் வந்தது. தேங்காய் எண்ணெய்ப் புகை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கன்வென்ஷனுக்கு முந்தின நாள் காலையில் ஸ்டெல்லா வீட்டு அடுக்களையில் மெஷினைப் பூட்டினோம். கொதிநீரில் பிசைந்த மாவை ஆவி பறக்க உள்ளே வைத்தாள். சக்கரத்தைச் சுற்றினாள். முதல் தட்டு அருமையாக விழுந்தது. இரண்டாவது தட்டு விழுந்தது. மூன்றாவதில் சக்கரம் கனத்தது. நான் பிடித்துச் சுற்றினேன். மெஷின் முனகியது. பிறகு முன்னாலும் போகாமல் பின்னாலும் வராமல் கல் மாதிரி நின்றுவிட்டது.

ஸ்டெல்லா வீங்கின கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு, "பரவாயில்ல அண்ணே, நீங்க செய்யக்கூடியத செய்தீங்க. நான் பாஸ்டர்ட்ட சொல்லிக்கிடுதேன்" என்றாள். அவள் அப்படி மரியாதையாகச் சொன்னதற்குப் பதிலாகத் திட்டியிருக்கலாம்.

சார் ஸ்க்ரூவின்மேல் கையை வைத்தார். சட்டென்று எடுத்தார்.

"சுடுதுலே."

அதற்குப் பிறகுதான் எனக்கும் புரிந்தது. கொதிமாவின் சூடு ஸ்க்ரூவில் ஏறி அது பெருத்திருக்கிறது. நட்டு மேலே சட்டத்தில் குளிர்ச்சியாக இருக்கிறது. நாங்கள் மயிரிழை இடம்கூட விடாமல் பொருத்திய பொருத்தம்தான் கழுத்தைப் பிடித்துவிட்டது. ரோலர் மெஷின் சூடாவதில்லை. இடியாப்பம் சூடு. எங்கள் இரண்டு பேருடைய அனுபவத்தையும் கூட்டிப் பார்த்தால் எத்தனையோ வருடம் வரும். அதில் இடியாப்பம் பிழிந்த அனுபவம் ஒரு நாள்கூடக் கிடையாது.

"ஒரே ஒரு நட்டு வெட்டிக் கொண்டாறோம்" என்றார் சார் ஸ்டெல்லாவிடம். "பாஸ்டர்ட்ட இப்பம் ஒண்ணும் சொல்லாண்டாம்."

ஸ்க்ரூ ஆறினதும் கழற்றிக்கொண்டு ஆட்டோவில் பறந்தோம். மீதி வெண்கலத்தை மாட்டினேன். புரோகிராம் அப்படியே இருந்தது. ஒரே ஓர் எண்ணை மட்டும் கொஞ்சம் மாற்ற வேண்டும். எவ்வளவு மாற்ற? அதற்குத்தான் சார் ரெத்தினபாயிடம் இட்லிப் பானையில் தண்ணீர் கொதிக்கவைக்கச் சொன்னார். கொதித்த தண்ணீரில் ஸ்க்ரூவைப் போட்டு, சூடேறியதும் இடுக்கியால் எடுத்து, ஆவியோடு ஆவியாக மைக்ரோமீட்டரைப் பிடித்து அளந்தார். சூட்டில் அளந்தார்! என்னைப் பார்க்காமல், "எதுல வேல செய்யணுமோ அதுலதான் அளக்கணும்" என்று சொன்னார். "சூடு ஆறட்டு சார்" என்று சொல்ல எனக்கு மிகவும் ஆசையாக இருந்தது.

சாயங்காலம் வெயில் தாழ்வதற்குள் புது நட்டு ஸ்டெல்லாவின் மெஷினில் ஏறிவிட்டது. தட்டுத் தட்டாகப் பிழிந்து பார்த்தாள். நிற்கவே இல்லை. கட்டுப் போட்ட கையால் சக்கரத்தை லேசாகத் தள்ளினாலே இறங்கியது. "அண்ணே, பழசை விட இது லேசு" என்று சொல்லிச் சிரித்தாள். கன்வென்ஷனில் மறுநாள் காலையில் இடியாப்பமும் கடலைக்கறியும். சாரையும் அழைத்திருந்தோம். ஐந்தாவது தடவை வாங்கும்போது, "டெஸ்டிங்" என்றார்.

கதை இதோடு முடிந்திருக்கும். ஆனால் பாறசாலையிலிருந்து ஒரு பெண் அதே மாதிரி ஒரு மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அளந்து பார்த்தோம். அதே கிறுக்கு மரை. அவளுக்கும் வெட்டிக் கொடுத்தேன். போகும்போது அவள், "இது செய்த ஆளு இப்பளும் உண்டு. களியக்காவிளைப் பக்கம். வேலப்பன்னு பேரு. கண்ணு சரியில்ல, லேத்தையும் வித்தாச்சு" என்றாள்.

அடுத்த வாரம் ஆட்டோவில் வந்து இறங்கினார் வேலப்பன். தவமணி சாரைவிட வயதானவர். ஒரு கையில் தடி, மறு கையில் குடை, மடித்துக் கட்டிய வேட்டி. ஷெட்டுக்குள் வந்ததும், "எனக்க பிரியை வெட்டின ஆளு யாரு?" என்று கேட்டார். சண்டைக்கு வந்திருக்கிறாரோ என்று நினைத்தேன்.

சார் நாற்காலியைத் தள்ளிப் போட்டார். "இரியும். மொதல்ல நீரு சொல்லும். எதுக்கு வேய் இப்பிடி ஒரு அளவுல வெட்டினீரு? நாங்க கெடந்து பட்ட பாடு!"

வேலப்பன் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். "எனக்க லேத்துல ஒரு பல்சக்கரம் ஒடைஞ்சு போச்சு. வேற வாங்க வழி இல்ல. பக்கத்துல ஒருத்தன் கரும்புச் சாறு மெஷினை அக்கக்காப் பொளிச்சு வித்தான். அதுல ஒரு சக்கரம் கிட்டத்தட்ட சேர்ந்துது. மாட்டி வெட்டினேன். பிரி விழுந்துது. ஸ்க்ரூவும் நானே வெட்டுதேன், நட்டும் நானே வெட்டுதேன். பின்ன என்ன பயம்?"

"கரும்புச் சாறு மெஷினு!" சார் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"கேளும். பெறவுதான் மனசிலாச்சு, வேற ஒருத்தனாலயும் இத ரிப்பேர் செய்ய ஒக்காது. எல்லாவனும் எங்கிட்டதான் வரணும். நல்ல சக்கரம் வாங்க காசு வந்த பெறவும் நான் மாத்தல." சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "கண்ணு போச்சு. லேத்து போச்சு. ஆளுவ மெஷினத் தூக்கிட்டு வீட்டுக்கு வரும். திருப்பி அனுப்பணும். சந்தையில ஆரைக் கண்டாலும் குடையால மொகத்த மறைச்சுட்டு நடந்தேன். பாறசாலைக்காரி வந்து பிரி கெடைச்சுதுன்னு சொன்னப்பம் நம்பல. நட்டைக் கையில வாங்கி வெரலை உள்ள விட்டுப் பாத்தேன். எனக்கதுதான்."

ரெத்தினபாய் சாயா கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடித்து முடித்துவிட்டு, "ஒண்ணு வெட்டும். நான் கேக்கட்டும்" என்றார்.

ஒரு வெண்கலத் துண்டை மாட்டினேன். சார் எழுந்து வேலப்பனின் கையைப் பிடித்துக் கூட்டிவந்து லேத்தின் பின்பக்கம் நிறுத்தினார். சக் ஓடத் தொடங்கியது. டூலைத் தாங்கி நகர்கிற சேடிலின்மேல், டூலுக்குத் தள்ளி, வேலப்பன் உள்ளங்கையை மெதுவாக வைத்தார். அது போனபோது அவர் கையும் போனது, திரும்பியபோது திரும்பியது. தடம் மாறாமல் மறுபடியும், மறுபடியும். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். உதடு மட்டும் எதையோ கணக்குப் போடுகிற மாதிரி அசைந்தது.

"கொஞ்சமும் நடுக்கம் இல்லியே" என்றார் கடைசியில். "எனக்குக் கை நடுங்கும். இதுக்கு நடுங்கல." பிறகு முகம் முழுக்கச் சிரிப்பு பரவியது. "ஆனா தப்பு எனக்க தப்புதான். அச்சு அசலு."

வெட்டி முடித்த நட்டை ஆறுகிறவரை பொறுக்காமல் வாங்கி, வேட்டி மடிப்பில் சுருட்டிக்கொண்டார். யாருக்கு என்று நான் கேட்டதற்கு, அருமனையில் ஒரு வீட்டில் நெடுநாளாகக் காத்திருக்கிறார்கள், போகிற வழியில் அவரே கொடுத்துவிடுவதாகச் சொன்னார். ஆட்டோவில் ஏறி உட்கார்ந்ததும் குடையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டு, டிரைவரிடம், "சந்தை வழியா போ" என்றார்.